விட்டுப்போன வழிபாட்டுக்குத் திரும்புவது எப்படி?

பல ஆண்டுகள் கோயில் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, இப்போது போக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தும் எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 19 வயதில் திருநீறு பூசுவதை நிறுத்திவிட்டு 42 வயதில் மீண்டும் பூசத் தொடங்கியவன் நான். நான் அறிந்தது சைவ வழிபாடு என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில், உங்களைத் திருப்பியது எது என்பதை உங்களுக்கு நீங்களே தெளிவாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வாதத்தில் தோற்றுத் திரும்பியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. ஒரு மரணம், ஒரு நோய், பிறந்த குழந்தை, வெளியூர்த் தனிமை, முதுமையடையும் பெற்றோர் என்று ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கிறது. என் தந்தை இறந்து காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, பூசையறையைத் துடைக்கும்போது அவருடைய திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்தேன். உள்ளே, கடைசியாக அவர் எடுத்தபோது மூன்று விரல்களும் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால் அந்தச் சம்புடத்தை மூடி வைக்கவும் முடியவில்லை.

துன்பம் வந்ததால் திரும்புகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரும் அப்படித் திரும்பியவர்தாம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின்படி, திருவாமூரில் மருள்நீக்கியார் என்ற பெயரில் பிறந்த அவர், பெற்றோரையும் தமக்கைக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையாரையும் அடுத்தடுத்து இழந்தார். நிலையாமை பற்றிய கேள்வியோடு சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெயர் பெற்றார். பின்னர் சூலை நோய் என்னும் கொடிய வயிற்று வலி வாட்ட, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் வந்தார். இது சைவர் தரப்பில் சொல்லப்பட்ட வரலாறு என்பதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் அவர் திருவதிகை வீரட்டானத்தில் பாடிய முதல் பதிகம் நம் கையில் இருக்கிறது. அது புகழ்ச்சியில் தொடங்கவில்லை; எமனைப் போல் வருத்தும் இந்த வலியை நீர் விலக்கவில்லையே, நான் செய்த கொடுமை எதையும் அறியேனே என்ற முறையீட்டில் தொடங்குகிறது. எனவே உங்கள் முதல் பிரார்த்தனையும் முறையீடாகவே இருக்கலாம். இத்தனை நாள் வராததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்பதில்லை.

நம்பிக்கை வரட்டும், பிறகு வழிபடலாம் என்று காத்திருந்தால் ஆண்டுகள் போய்விடும். கையால் செய்யும் ஒரு சிறு செயலில் தொடங்குங்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், மாலையில் ஒரு விளக்கு ஏற்றுவது என்று வைத்துக்கொள்ளலாம். அகல் விளக்கே போதும். பஞ்சுத் திரியை நல்லெண்ணெயில் முழுக நனைத்து, நுனியைச் சற்றே வெளியே இழுத்துவிட்டு ஏற்றினால் சுடர் கருகாமல் நின்று எரியும். விளக்கின் முன் தேவாரத்தில் ஒரே ஒரு பாடலை வாய்விட்டுப் படியுங்கள். அது மனப்பாடமான பிறகு அடுத்ததற்குப் போகலாம். ஒரு நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், மறுநாள் தொடருங்கள். முதல் வேகத்தில் விரதம், பாராயணம், யாத்திரை என்று அடுக்கிக்கொண்டால் பத்தே நாளில் எல்லாம் நின்றுபோகும். தந்தையின் விரல் தடம் கலைந்துவிடுமோ என்று சம்புடத்தின் ஓரத்திலிருந்தே திருநீற்றை எடுத்துக்கொண்டிருந்தேன். மண்டலம் முடிவதற்கு முன்பே ஓரத்தில் இருந்தது தீர்ந்துவிட, என் மூன்று விரல்களையும் அந்தத் தடத்திலேயே வைத்து எடுக்க வேண்டியதாயிற்று.

கோயிலுக்கு முதல்முறை போகும்போது பிரதோஷம், பௌர்ணமி போன்ற கூட்ட நாட்களைத் தவிர்த்து, சாதாரண வார நாளில், கூட்டமில்லாத ஒரு பழைய சிவன் கோயிலுக்குச் செல்லுங்கள். நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில் திறப்பது பல கோயில்களில் வழக்கம். நடை திறந்த அரைமணி நேரத்துக்குள் போனால் அமைதியாக நிற்க இடம் கிடைக்கும். முறை மறந்துபோயிருந்தால், பிள்ளையாரை வணங்கிவிட்டு மூலவரையும் அம்மனையும் தரிசித்து, பிராகாரம் சுற்றி, சண்டிகேசுவரரிடம் விடைபெற்று, கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்து எழுந்தால் போதும். அர்ச்சனைக்குக் கோத்திரமும் நட்சத்திரமும் கேட்பார்களே என்பதுதான் பலருடைய தயக்கம். தெரியாவிட்டால், "சுவாமி பேருக்கே பண்ணிவிடுங்கள்" என்று சொல்லலாம், யாரும் மறுப்பதில்லை.

வாய் பிரார்த்தனைக்கு வராதவர்கள் உழவாரப் பணிக்குப் போகலாம். நாவுக்கரசர் கையில் ஏந்தியிருப்பதே அந்த உழவாரக் கருவிதான். விடுமுறை நாட்களில் பிராகாரத்தில் புல் செதுக்கிக் குப்பை அகற்றும் அடியார் குழுக்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. வேலை செய்ய வருகிறவரிடம் யாரும் நம்பிக்கை எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பதில்லை.

துன்பத்தில் இருப்பவரைத் தேடிப் பரிகாரம் சொல்ல ஆட்கள் வருவார்கள். முதல் ஓராண்டுக்கு எண்ணெய், திரி, பூ ஆகியவற்றுக்கு மேல் எதற்கும் செலவிடுவதில்லை என்று உறுதியாக இருங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை எந்த வேண்டுதலுக்காகவும் நிறுத்தாதீர்கள்.

எந்தக் கேள்வியோடு வெளியேறினீர்களோ அதைக் கைவிட்டால்தான் உள்ளே வரலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். கோயில் வாசலில் மனிதர்களைச் சாதி சொல்லி நிறுத்தியதைப் பொறுக்க மாட்டாமல் விலகியவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். அந்தக் கோபம் நியாயமானது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர், அதுவரை தாழ்த்தப்பட்டோருக்கு அனுமதி இல்லாதிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றபோது, வழிபாட்டின் மீதிருந்த பற்றும் அநீதியின் மீதிருந்த கோபமும் சேர்ந்தேதான் உள்ளே நுழைந்தன. ஊர் ஒதுக்கிவைத்த குலத்தவராயினும், தொழுநோயால் உடல் அழுகியவராயினும், சிவனுக்கு அன்பராக இருந்தால் அவரே நாம் வணங்கும் கடவுள் என்று நாவுக்கரசர் ஆறாம் திருமுறையில் பாடியிருக்கிறார். நான் விலகிய காலத்தில் இந்தப் பாடலை யாராவது எனக்குக் காட்டியிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி நோயுற்றிருக்கிறார் என்று ஆள் வந்து சொன்னபோதும் திலகவதியார் சமணப் பள்ளிக்குப் போகவில்லை. நாள்தோறும் கோயிலில் செய்துவந்த திருவலகுப் பணியையும் (பெருக்குதல்) மெழுக்கிடுதலையும் விடாமல் செய்துகொண்டிருந்தார். இரவில் தம்பி தாமாகவே வந்து காலில் விழுந்தபோது, ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். உங்கள் வீட்டில் ஒருவர் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு விளக்கின் முன் வந்து நின்றால், "அன்றைக்கே சொன்னேனே" என்று தொடங்காதீர்கள். உறவினருக்குத் தொலைபேசியில் செய்தியும் சொல்ல வேண்டாம். சற்று நகர்ந்து இடம் கொடுத்து, தீப்பெட்டியை அவர் கைக்கு எட்டும்படி வையுங்கள்.