கொல்லைப்புறச் சமையலுக்கு எந்த ஸ்மோக்கரை வாங்குவது?

அமெரிக்காவில் தனி வீடு வாங்கிக் குடியேறுகிறவர்களுக்கு, முதல் கோடையிலேயே கொல்லைப்புறத்தில் இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பான ஸ்மோக்கர் ஒன்றை வைத்துப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. கடைக்குப் போனால் சில நூறு டாலரில் தொடங்கிச் சில ஆயிரம் டாலர் வரை, உருளையாகவும் முட்டையாகவும் அலமாரியாகவும் பல வகைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலோர் விலையையும் அளவையும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு விடுமுறை நாளில் நெருப்புக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் இருக்க உங்களுக்கு மனமும் வசதியும் உண்டு? எந்த வகை உங்களுக்குப் பொருந்தும் என்பதை அந்த விடையே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

கிரில்லில் இறைச்சி தணலுக்கு நேர் மேலே கிடந்து, கடும் அனலில் சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. ஸ்மோக்கரில் இறைச்சியின்மேல் நெருப்பு நேராகப் படுவதில்லை. சூடான காற்றும் புகையும் மட்டுமே அதைச் சுற்றிச் செல்கின்றன. உள்ளே வெப்பம் 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது ஏறத்தாழ 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை, மணிக்கணக்கில் சீராக நிற்க வேண்டும். மாட்டின் நெஞ்சுப் பகுதியான பிரிஸ்கெட், பன்றியின் தோள், ஆட்டின் தோள் போன்ற கடினமான துண்டுகளுக்கு ஏற்ற முறை இது. அவற்றிலுள்ள கொலாஜன் என்னும் கடினமான புரதம் மெதுவாக ஜெலட்டினாக மாறினால்தான் கறி பதமாகும்; அதற்குக் கறியின் உள்வெப்பம் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வர வேண்டும். வழியில், 150 முதல் 170 டிகிரிக்குள் எங்கேயோ, வெப்பமானி சில மணி நேரம் ஏறாமல் நின்றுவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே, கறியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவதுதான் இதற்குக் காரணம். முழு பிரிஸ்கெட் ஒன்று வேக 10 முதல் 14 மணி நேரம் பிடிப்பது சாதாரணம். அத்தனை நேரமும் நெருப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் ஸ்மோக்கர்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

டெக்சஸ் பார்பிக்யூ கடைகளின் பின்கட்டில் நீண்ட இரும்பு உருளைகளாகக் காணப்படுபவை ஆஃப்செட் ஸ்மோக்கர்கள். ஒரு கோடியில் சற்றுத் தாழ்வாக நெருப்புப் பெட்டியும் மறுகோடியில் புகைபோக்கியும் இருக்கும்; வெப்பமும் புகையும் இறைச்சியைக் கடந்தே வெளியேறும். இதில் எரிவது விறகேதான். நடு டெக்சஸில் போஸ்ட் ஓக் என்னும் ஓக் வகையையும், வேறு பகுதிகளில் ஹிக்கரி, பீக்கான் போன்றவற்றையும் எரிக்கிறார்கள். பைன் போன்ற பிசின் மரங்களையும், சாயம் பூசிய அல்லது மருந்தேற்றிய பலகைகளையும் எந்த ஸ்மோக்கரிலும் எரிக்கக் கூடாது. சுவையில் ஆஃப்செட்டுக்கு ஈடான ஸ்மோக்கர் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது கேட்கும் விலை உங்கள் நேரம். முக்கால் மணிக்கு ஒரு முறையாவது ஒரு துண்டு விறகு போட்டு, கங்கின் படுகையைச் சரிசெய்து, காற்றுத்துளையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நெருப்பு நன்றாக எரிகிறதா என்பதைப் புகைபோக்கியின் வாயைப் பார்த்தே சொல்லிவிடலாம். அங்கிருந்து வரும் புகை மெல்லிய நீலச் சாயலோடு, பின்னாலுள்ள வேலி தெளிவாகத் தெரியும்படி இருந்தால் விறகு முழுமையாக எரிகிறது என்று பொருள். வெள்ளையாகத் திரண்டு, கண்ணைக் கரிக்கும்படி வந்தால், காற்று போதவில்லை அல்லது விறகில் ஈரம் இருக்கிறது. அந்தப் புகையிலுள்ள கிரியோசோட் என்னும் பிசுபிசுப்பான கசடு கறியின்மேல் படிந்து, நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் கசக்கும். அப்போது புகைபோக்கியை முழுவதும் திறந்துவைத்து, நெருப்புப் பெட்டியின் கதவையும் சற்று நேரம் திறந்துவிட்டு, விறகு சுவாலைவிட்டு எரியும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்துப் போடவேண்டிய விறகை நெருப்புப் பெட்டியின் மேலேயே வைத்துச் சூடேற்றிக்கொண்டால், உள்ளே போட்டவுடன் பற்றிக்கொள்ளும். புகை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மணம் என்று நினைப்பது தவறு. இது எல்லா ஸ்மோக்கர்களுக்கும் பொருந்தும்.

ஆஃப்செட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இரும்பின் கனம். கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தகட்டில் செய்தவை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலிவான மெல்லிய தகட்டில் செய்தவை ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் சூடு இறங்கி, உங்களை நாள் முழுக்க ஓடவிடும். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைபேசியின் விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடி, விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் சூடும் புகையும் கசியும். சிறு இடைவெளியை வெப்பம் தாங்கும் நாடா ஒட்டி அடைக்கலாம். கதவே கோணியிருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. மெல்லிய ஆஃப்செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல கரி ஸ்மோக்கரே கிடைக்கும்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, நின்ற உருளையாக இருக்கும் தண்ணீர் ஸ்மோக்கரைத்தான். வெபர் நிறுவனம் 1981 முதல் விற்றுவரும் ஸ்மோக்கி மவுன்டன் இவ்வகையில் பெயர்பெற்றது. 14, 18, 22 அங்குல அளவுகளில் கிடைக்கிறது. அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேல் இரண்டு கம்பித் தட்டுகள் என்பதே அமைப்பு. தண்ணீர் நேரடி அனலைத் தடுத்து, உள்வெப்பம் துள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. இதில் நெருப்பு மூட்டுவதற்கு மினியன் முறை என்று பெயர் பெற்ற ஒரு வழி உண்டு: பற்றவைக்காத கரியை அடியிலுள்ள கரி வளையம் நிறையக் கொட்டி, அதனிடையே கைப்பிடி அளவுள்ள மூன்று நான்கு மரத்துண்டுகளைப் புதைத்து, தனியாகப் பற்றவைத்த சிறிதளவு கரியை மேலே பரப்பிவிட வேண்டும். தணல் மேலிருந்து கீழாக மெதுவாகப் பரவுவதால், ஒரு முறை நிரப்பிய கரி எட்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். மேல் காற்றுத்துளையை முழுதும் திறந்துவைத்து, கீழ்த்துளைகளை மட்டும் திருத்தி வெப்பத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். விரும்பிய வெப்பத்துக்கு 25 டிகிரி முன்பாகவே அவற்றைக் குறைக்கத் தொடங்காவிட்டால், ஏறிய சூட்டை இறக்குவது பெரும்பாடாகிவிடும். கீழ்த்தட்டிலுள்ள கறியை எடுக்க மேல்தட்டைத் தூக்கவேண்டியிருப்பது இதன் ஒரே பெரிய குறை.

இதன் எளிய உறவு, 55 காலன் பீப்பாயில் செய்யும் டிரம் ஸ்மோக்கர். இறைச்சியைக் கொக்கியில் தொங்கவிட, அதன் கொழுப்பு தணலில் சொட்டி எழும் ஆவி தனி ருசி தருகிறது. கோழிக்கு இதைவிட நல்லது கிடையாது. பழைய பீப்பாயை நீங்களே மாற்றியமைப்பதானால், ரசாயனம் இருந்த பீப்பாயைத் தொடவே வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே மூடியுள்ள, உருண்டை வடிவக் கெட்டில் கிரில் இருந்தால், ஒரு பருவம் அதிலேயே கரியை ஒருபுறம் ஒதுக்கி, மறுபுறம் கறியை வைத்துப் பழகுங்கள். 1952-இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் சிகாகோ பக்கம் ஒரு மிதவை உருண்டையை இரண்டாக வெட்டிச் செய்த அந்த அடுப்பு, நல்ல ஸ்மோக்கராகவும் வேலை செய்யும்.

கமாடோ என்பது முட்டை வடிவிலுள்ள, கனத்த பீங்கான் அடுப்பு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானிலிருந்து அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டுவந்த சோறு சமைக்கும் அடுப்புகளிலிருந்து வளர்ந்தது. அட்லாண்டாவில் 1974-இல் தொடங்கிய பிக் கிரீன் எக் அதைப் பரவலாக்கியது. தடித்த சுவர் சூட்டை விடாமல் காப்பதால், மிகக் குறைந்த கரியில் இரவு முழுவதும் 225 டிகிரியில் நிற்கும். மினசோட்டா, மிச்சிகன் போன்ற பனி மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இதுவே ஏற்றது. அதே அடுப்பை 600 டிகிரிக்கு ஏற்றி நான் ரொட்டியும் பீட்சாவும் சுடலாம். ஆனால் ஒரு முறை சூடு மீறிவிட்டால் எளிதில் இறங்காது. கடும் அனலில் மூடியைச் சட்டென்று திறந்தால், உட்புகும் காற்றில் நெருப்பு முகத்தை நோக்கிப் பாயும். ஓரிரு அங்குலம் மட்டும் தூக்கிச் சற்றுப் பொறுத்துத்தான் திறக்க வேண்டும். பெரிய அளவு 70 கிலோவுக்கு மேல் கனக்கும், கீழே விழுந்தால் உடையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பெல்லட் ஸ்மோக்கரே பொருத்தம். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை ஒரு திருகு சிறிது சிறிதாகத் தள்ள, ஒரு விசிறி காற்றூத, மின்னணுக் கட்டுப்பாடு வெப்பத்தைப் பார்த்துக்கொள்கிறது. 1980-களில் ஆரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் உருவாக்கிய இந்த அமைப்பின் காப்புரிமை 2006-இல் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் இதில் இறங்கின. இரவு கறியை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். புகைமணம் மென்மையாகவே இருக்கும். முதல் சில மணி நேரம் 225 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைத்தால் சற்றுக் கூடும். மின்சாரம் இல்லாமல் இயங்காது. ஈரம் பட்ட பெல்லட் ஊதித் தூளாகித் திருகை அடைத்துவிடும் என்பதால், மூடிய வாளியில் வைத்திருக்க வேண்டும். நெருப்புக் கிண்ணத்தின் சாம்பலை அடிக்கடி அள்ளாவிட்டால் பாதிச் சமையலில் அணைந்துபோகும்.

மின்சார ஸ்மோக்கரில் ஒரு கம்பிச்சுருள் சூடாகி, சிறு தட்டிலுள்ள மரச்சில்லுகளைப் புகைய வைக்கிறது. விறகோ கரியோ எரியாததால், கறியின் ஓரத்தில் தோன்றும் இளஞ்சிவப்பு வளையம் இதில் விழுவதில்லை. பல மாதிரிகள் 275 டிகிரிக்கு மேல் ஏறாததால் கோழியின் தோல் மொறுமொறுப்பாகாது. மீனுக்கும் சாசேஜுக்கும் போதுமானது. சைவ வீடுகளில் கத்திரிக்காயையும் தக்காளியையும் புகையில் வாட்டிக் கொத்சு செய்யவும் உதவும். புரொப்பேன் எரிவாயு ஸ்மோக்கரும் ஏறத்தாழ இதே தரம்தான், மின்சாரம் தேவையில்லை என்பது மட்டும் கூடுதல் வசதி.

அளவைப் பொறுத்தவரை, நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 18 அங்குலத் தட்டு தாராளம். ஆண்டுக்கு ஒரு விருந்துக்காகப் பெரியதை வாங்கினால், மற்ற நாளெல்லாம் வெற்றிடத்தைச் சூடாக்கக் கரி செலவழிப்பீர்கள். வீட்டுச் சுவரிலிருந்தும் மரவேலியிலிருந்தும் 10 அடியாவது தள்ளி, சமதளத்தில் வையுங்கள். அடுக்குமாடிகளின் பால்கனியில் கரி அடுப்புக்குப் பல நகரங்களில் தடை உண்டு. குடியிருப்புச் சங்கத்தின் விதிகளையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மழை, பனி என்று எந்தக் காரணத்துக்காகவும் கராஜுக்குள் வைத்து எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைத் திறந்துவைத்தாலும் உயிருக்கு ஆபத்துதான்.

எதை வாங்கினாலும், கம்பித்தட்டின் மட்டத்தில் ஒன்றும் கறிக்குள் ஒன்றுமாக இரண்டு முனைகள் கொண்ட டிஜிட்டல் வெப்பமானி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். மூடியில் பொருத்தி வரும் முள்மானி 50 டிகிரிகூடத் தவறிக் காட்டலாம். புதிய ஸ்மோக்கரை ஒரு முறை வெறுமனே இரண்டு மூன்று மணி நேரம் எரித்து, உள்ளிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிட வேண்டும். முதல் சமையலுக்குப் பிரிஸ்கெட் வேண்டாம். கோழித் தொடைகளை 300 டிகிரியில் வைத்துப் பழகுங்கள். உள்வெப்பம் 165 டிகிரியைத் தாண்டினால் சாப்பிடலாம், 175 ஆனால் இன்னும் மிருதுவாகும். அடுத்து ஆட்டுத் தோளுக்குப் போகலாம். கென்டக்கி மாநிலத்து ஓவன்ஸ்பரோவில் ஆட்டுக்கறி பார்பிக்யூ தலைமுறைகளாக நடந்துவருகிறது. அங்கே ஹிக்கரி விறகில் வாட்டி, வொர்செஸ்டர்ஷர் சாஸ் சேர்ந்த கறுப்புக் குழம்பைத் தடவுகிறார்கள். நீங்கள் மிளகு, உப்பு, பூண்டு மட்டும் தடவி 250 டிகிரியில் வைத்து, நிறம் கறுத்ததும் அலுமினியத் தாளில் சுற்றி, உள்வெப்பம் 200-ஐத் தொட்டபின் எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பிய்த்துப் பரிமாறுங்கள்.