மலைக்குளிரில் சிவப்பு ஒயின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊரில் சிறிய அளவில் சிவப்பு ஒயின் போடுபவர்களை அதிகம் ஏமாற்றுவது குமிழிதான். ஜாடியில் குமிழி நின்றுவிட்டால் நொதித்தல் முடிந்தது என்று நினைத்து பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள்.

ஈஸ்ட் திராட்சையின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடுகிறது. அதற்கு 20 முதல் 28 டிகிரி வரை இதமான சூடு. டிசம்பர், ஜனவரி இரவுகளிலோ கொடைக்கானலில் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். அந்தக் குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, அடங்கிப் போகிறது. சர்க்கரை மிச்சம் இருக்கிறது. மார்ச்சில் வெயில் ஏறியதும் அடைத்த பாட்டிலுக்குள் மறுபடி வேலையைத் தொடங்கும். வாயுவுக்குப் போக வழியில்லாமல் கார்க் பறக்கும், கண்ணாடியே வெடிக்கும். கண்ணில் சில்லு பாயும் ஆபத்து இது. ஆகவே குமிழியை நம்பாதீர்கள், சாறின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரை நம்புங்கள்; சர்க்கரை குறையக் குறைய அதன் எண்ணும் இறங்கும். தொடக்கத்தில் 1.090 அளவில் இருக்கும் எண், இனிப்பில்லாத ஒயினில் 1.000-க்குக் கீழே இறங்கி, மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும். அதுவரை ஜாடியைச் சிமெண்ட் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். கம்பளி சுற்றி அடுப்பங்கரைப் பக்கம் வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது சர்க்கரை. ‘கிலோ திராட்சைக்குக் கிலோ சர்க்கரை’ என்ற கணக்கு வாய்வழியாகவே பரவிவிட்டது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். 14, 15 சதவீதம் தாண்டினால் பெரும்பாலான ஈஸ்ட் ஓய்ந்துவிடும். மீதிச் சர்க்கரை பாகாகத் தங்கும். நன்றாகப் பழுத்த கம்பம் பன்னீர் திராட்சையில் போதுமான இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்தின் மணத்தைச் சர்க்கரையில் மூழ்கடிப்பது எனக்குப் பொறுக்காது. மழையில் நனைந்து வெடித்த பழத்தை மட்டும் எடுக்காதீர்கள். சாறு நீர்த்திருக்கும், பூஞ்சையும் ஏறியிருக்கும்.

மிக்ஸியில் அரைக்கவே கூடாது. விதை உடைந்தால் கசப்பு இறங்கும், அதைப் பிறகு எடுப்பது கடினம். கையால் பிசைந்தால் போதும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. மேலே மிதந்து வரும் தோலை நாளுக்கு இரண்டு, மூன்று முறை உள்ளே அமுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் மேற்பரப்பு காய்ந்து பூஞ்சை பிடிக்கும். ஐந்து முதல் ஏழு நாளில் வடிகட்டலாம்.

வடிகட்டிய பிறகு காற்றே எதிரி. வாய் அகன்ற பீங்கான் ஜாடி முதல் வாரத்துக்குச் சரி, அதற்கப்புறம் அது வினிகருக்கான பாத்திரம். கழுத்து குறுகிய கண்ணாடிக் குடுவையில் கழுத்துவரை நிரப்பி, வாயு வெளியேறி காற்று நுழையாதபடி ஏர்லாக் பொருத்துங்கள். அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வேண்டாம். திராட்சையின் அமிலம் அவற்றை அரிக்கும். ரொட்டி ஈஸ்ட் நொதிக்கத்தான் செய்யும், ஆனால் அடியில் சரியாகப் படியாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பதும் விற்பதும் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ‘வீட்டு ஒயின்தானே’ என்பது அங்கே செல்லாது.