தேய்ந்த எழுத்துருவா? முதலில் புள்ளியைப் பாருங்கள்

கானா கச்சேரி போஸ்டரோ டீ-ஷர்ட்டோ, உரிந்து தேய்ந்த மாதிரியான தடித்த எழுத்துரு போட்டால் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் தமிழில் கீறல் புள்ளியைத் தின்றுவிடும். 'கச்சேரி' 'கசசேரி' ஆகிவிடும். சிதறிய தூசு, தேவையில்லாத இடத்தில் புள்ளி வைத்தது போலவும் காட்டும். அதனால் பாலூ தம்பி போன்ற தடித்த, சுத்தமான எழுத்துருவில் அடித்துவிட்டு, தேய்மானத்தை லேயர் மாஸ்க்கில் (எழுத்தை அழிக்காமல் வேண்டிய இடத்தை மட்டும் மறைக்கும் டிசைன் மென்பொருள் வசதி) தனியாகப் போடுவதே என் வழக்கம். புள்ளி, கொம்பு, சுழி வரும் இடங்களில் மட்டும் பிரஷ்ஷால் கீறலை மூடிவிடலாம். இன்னொரு லாபமும் உண்டு: ரெடிமேட் தேய்ந்த எழுத்துருக்கள் பலவற்றில் 'கானா'வின் இரண்டு கால்களிலும் அதே கீறல் அப்படியே வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தத் தேய்ந்த பாணியைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேதி, இடம், டிக்கெட் விலைக்கு முக்த மலர் மாதிரி எளிய எழுத்து போதும்.

அப்புறம், திருவல்லிக்கேணி பக்கம் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால் பொடிக் கீறல்களை நீக்கிவிடுங்கள். மை பரவி அவற்றை அடைத்துவிடும். வினைல் கட்டிங்குக்கோ (ஸ்டிக்கர் ஷீட்டை மெஷினில் எழுத்து வடிவில் வெட்டுவது) இந்தப் பாணியே வேண்டாம். ஒவ்வொரு துணுக்கையும் பிளேடு தனித்தனியாக வெட்டும். உரித்தெடுக்கும் பையன் உங்களைத்தான் திட்டுவான்.