'மைசெல்ஃப் மெய்யப்பன்' வேண்டாம்: ஆங்கிலத்தில் செல்ஃப், ஈச் அதர் தவறுகள்

கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பயணிகளுக்கு வீடு சுற்றிக் காட்டும் பிள்ளைகளும் காரைக்குடியில் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களும் நன்றாகவே ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆனால் முதல் வாக்கியமே 'மைசெல்ஃப் மெய்யப்பன்' என்று வந்துவிடுகிறது. முதலில் இதை விடுங்கள். 'ஐ ஆம் மெய்யப்பன்' போதும், அதுவே மரியாதைதான். வாக்கியத்தில் ஏற்கெனவே 'ஐ' அல்லது 'மீ' இருந்தால்தான் மைசெல்ஃபுக்கு வேலை உண்டு: 'லெட் மீ இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப்' சரி. 'பிளீஸ் கால் மைசெல்ஃப்' தவறு. 'கால் மீ' என்பதுதான் சரி. 'மை பிரதர் அண்ட் மைசெல்ஃப் வென்ட்' என்பதையும் 'மை பிரதர் அண்ட் ஐ வென்ட்' என்று மாற்றுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் 'கொள்' என்ற துணைவினையால் வருகிறது. 'பங்காளிகள் அடித்துக்கொண்டார்கள்' என்கிறோம். 'தலையில் அடித்துக்கொண்டார்கள்' என்றும் சொல்கிறோம். வினை ஒன்றேதான், ஆனாலும் நமக்குக் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. தன் செயல் தன் மேலேயே விழுந்தால் தெம்செல்வ்ஸ், ஒருவர் செயல் மற்றவர் மேல் விழுந்தால் ஈச் அதர்.

கல்யாண வீட்டு முகப்பில் இரண்டு ஆச்சிமார் வெகுநாள் கழித்துச் சந்தித்துக் கட்டிக்கொள்கிறார்கள். அதை 'தே ஹக்ட் தெம்செல்வ்ஸ்' என்று எழுதினால், ஆளுக்கொரு பக்கம் நின்று தன்னைத் தானே கட்டிக்கொண்டதாக அர்த்தமாகிவிடும். 'தே ஹக்ட் ஈச் அதர்' என்பதே சரி. அப்புறம் அவர்கள் உள்ளே போய் பெல்ஜியம் கண்ணாடி முன் நின்று தலைப்பைச் சரிசெய்தால், அங்கே 'தே லுக்ட் அட் தெம்செல்வ்ஸ்' பொருந்தும். ஐயம் வந்தால் 'ஒருவரையொருவர்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ஈச் அதர்.

'ஒருவருக்கொருவர்' என்பதில் உருபு இருப்பது போல ஆங்கிலத்திலும் வினைக்கேற்ற 'டு', 'வித்' எல்லாம் வர வேண்டும். 'தே ஸ்போக் ஈச் அதர்' தவறு, 'ஸ்போக் டு ஈச் அதர்' சரி.

இரண்டு பேருக்கு ஈச் அதர், அதற்கு மேல் ஒன் அனதர் என்ற பழைய விதிக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இன்றைய வழக்கில் இரண்டும் மாறி மாறி வருகின்றன. பள்ளித் தேர்வில் மட்டும் பாடநூல் சொல்வதை எழுதுங்கள்.

'ரிலாக்ஸ்', 'கான்சன்ட்ரேட்' வினைகளுக்குப் பின்னால் யுவர்செல்ஃப் தேவையில்லை. 'என்ஜாய்' அப்படியில்லை. 'வி என்ஜாய்ட் இன் த வெடிங்' என்று அந்தரத்தில் விடக்கூடாது. 'வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்' அல்லது 'வி என்ஜாய்ட் த வெடிங்' என்று சொல்ல வேண்டும். பன்மையில் எப்போதும் 'செல்வ்ஸ்'தான். 'ஹிஸ்செல்ஃப்', 'தெயர்செல்வ்ஸ்' என்பவை பொது ஆங்கிலத்தில் ஏற்கப்படுவதில்லை. ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்றே எழுதுங்கள்.

வீடு காட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி ஆத்தங்குடிக் கல் செய்பவர்களைப் பற்றி 'தே மேக் த டைல்ஸ் தெம்செல்வ்ஸ்' என்றால், வெளியே வாங்காமல் அவர்களே செய்கிறார்கள் என்று பொருள். நடுவே ஒரு 'பை' சேர்த்து 'பை தெம்செல்வ்ஸ்' என்றால், பிறர் துணையில்லாமல் தனியாகச் செய்கிறார்கள் என்றாகிவிடும். பட்டறையில் ஒருவர் கலவை குழைத்துக் கொடுக்க இன்னொருவர் ஊற்றிக்கொண்டிருந்தால், அந்த 'பை' வேண்டாம்.