மிஷனில் இருக்கும் மகனோடு வாராவாரம் பேசுவது எப்படி? தோட்டத்துக் குடும்பங்களுக்கான செய்முறை

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் (ஊரில் மோர்மன் சபை என்றால்தான் தெரியும்) ஊழியத்துக்குப் போகும் பையன்களுக்கு மிஷன் (அந்த ஊழியக் காலம்) 24 மாதம். அந்த 24 மாதமும் வீட்டார் நினைத்த நேரத்தில் போன் அடித்துப் பேச முடியாது. வாரத்தில் ஒரு நாள்தான் பேச்சு. வழக்கமாக கோல் எடுப்பதும் மகன்தான். அவன் அடிக்கிற அந்த அரை மணித்தியாலத்தில் நம் பக்கம் சிக்னல், சார்ஜ், டேட்டா, ஆள் நான்கும் சரியாக இருந்துவிட்டால் போதும். இலங்கை மலையகத்தில் இந்த நான்கும் ஒரே நேரத்தில் அமைவதுதான் பாடு. அதற்கான வழி கீழே.

முதலில் விதி

முன்பு வாரம் ஒரு மின்னஞ்சல், வருடத்தில் இரண்டே கோல்: நத்தாருக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. 2019 பெப்ரவரி 15இல் அது மாறியது. இப்போது வாராந்த ஆயத்த நாளில் (பையன்கள் ‘பி-டே’ என்பார்கள்) மெசேஜ், கோல், வீடியோ கோல் எல்லாமே முடியும். பழைய காலத்தில் மிஷன் போய் வந்தவர்கள் “வருசத்துக்கு ரெண்டு தரம்தான்” என்று சொன்னால் பயப்பட வேண்டாம், அது அவர்கள் காலத்து விதி.

மூன்று விஷயத்தை மனதில் வையுங்கள். ஒன்று, ஒவ்வொரு வாரமும் வீடியோவில் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவனுக்கு இல்லை. சில வாரம் மெசேஜோடு நின்றுவிடும். இரண்டு, பெற்றோரின் பிறந்தநாளுக்கும் நம் பண்டிகைகளுக்கும் தனியாகத் தொடர்புகொள்ளலாம். தைப்பொங்கல், தீபாவளித் திகதிகளை முன்கூட்டியே அவனுக்கு எழுதிவிடுங்கள். மூன்று, அப்பாவும் அம்மாவும் வெவ்வேறு இடத்தில் இருந்தால் இருவரோடும் தனித்தனியாகப் பேச அனுமதி உண்டு. அம்மா மத்திய கிழக்கில், அப்பா தோட்டத்தில் என்று இருக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

படி 1: நேரத்தைப் பிடியுங்கள்

பல மிஷன்களில் (ஊழியப் பகுதிகளில்) பி-டே திங்கட்கிழமை, மாலை 6 மணிக்கு முடிந்துவிடும். அதற்குள் அவன் துணி துவைக்க வேண்டும், சாமான் வாங்க வேண்டும், முடி வெட்ட வேண்டும். நமக்கோ திங்கட்கிழமை காலையில் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), பிறகு மாலை வரை மலையில் கொழுந்து. ஆகவே இரண்டு பக்கமும் ஒத்துவரும் நேரத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இந்தியாவில் இருந்தால் நேர வித்தியாசமே இல்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில், 12க்கும் 1க்கும் இடையில் அடிக்கச் சொல்லுங்கள். பிலிப்பைன்ஸ் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். அங்கே பிற்பகல் 2.30 என்றால் இங்கே பகல் 12. இங்கிலாந்து குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் நாலரை. அங்கே பகல் 2 மணிக்கு அடித்தால் இங்கே இரவு 7.30 அல்லது 6.30, வேலை முடிந்து வந்தபிறகு வசதிதான். அமெரிக்காவின் யூட்டா என்றால் குளிர்காலத்தில் பன்னிரண்டரை, கோடையில் பதினொன்றரை மணித்தியாலம் பின்னால். அங்கே திங்கள் காலை 8 மணி, இங்கே அதே நாள் இரவு 8.30 அல்லது 7.30.

அங்கே கடிகாரம் மாற்றுகிற வாரத்தில்தான் அதிகம் குழம்பும். இங்கிலாந்தில் மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும், அமெரிக்காவில் மார்ச் நடுவிலும் நவம்பர் தொடக்கத்திலும் மாற்றுவார்கள். நம் கடிகாரம் மாறாது. அந்த வாரம் ஒரு மணித்தியாலம் முன்பின் ஆனால் மகன் மறந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள்.

படி 2: இடத்தைத் தேடுங்கள்

சிக்னல் இல்லாததற்கு எல்லோரும் மூடுபனியைக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் மலைதான். டவருக்கும் லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீடுகளுக்கும்) நடுவில் ஒரு மேடு வந்துவிட்டால் அலை வராது. தகரக் கூரை மிச்சம் மீதியையும் தடுத்துவிடும். அதனால்தான் காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) ஒரு கோடு, வாசலில் மூன்று கோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று இடத்தைச் சோதியுங்கள். வாசல், பாதை வளைவு, கோயில் மேடு மாதிரி. ஒவ்வொரு இடத்திலும் சொந்தக்காரர் ஒருவருக்கு ஐந்து நிமிடம் வீடியோ கோல் எடுங்கள். மகன் எந்த நேரத்தில் அடிப்பானோ அதே நேரத்தில் சோதிப்பது முக்கியம். இரவு 7க்கும் 9க்கும் இடையில் தோட்டமே போனில் இருக்கும். அப்போது கோடு முழுசாகக் காட்டும், படம் மட்டும் உறைந்து நிற்கும். அது டவரில் நெரிசல், உங்கள் போனில் பழுது இல்லை. அப்படியென்றால் வீடியோவை விட்டுக் குரல் கோலுக்கு மாறுங்கள். மழை வந்தால் நனையாத இடமாகவும் பாருங்கள். ஜூன், ஜூலையில் இது உங்களுக்கே புரியும்.

படி 3: சார்ஜும் டேட்டாவும்

ஞாயிறு இரவே போனை முழுக்கச் சார்ஜ் போட்டு வையுங்கள். கரண்ட் போனால் டவரும் கொஞ்ச நேரம்தான் பேட்டரியில் ஓடும். உங்கள் போனில் சார்ஜ் இருந்தும் சிக்னல் காணாமல் போவது அதனால்தான்.

வட்ஸ்அப் வீடியோ கோல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி எடுக்கும், அரை மணித்தியாலத்துக்கு 150 எம்பி. 300 எம்பி மிச்சம் வைத்திருந்தால் பயமில்லை. குரல் கோலுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு போதும். ரீலோட் போடும்போது கடைக்காரர் ‘சோஷியல் பெக்கேஜ்’ ஒன்றைக் காட்டுவார். மலிவுதான். ஆனால் சில பெக்கேஜில் சட் மட்டும்தான் அடங்கும், கோல் அடங்காது. கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதற்குள் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா போய், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். கோலுக்குக் குறைந்த டேட்டா எடுக்கும் தெரிவும் அங்கேயே இருக்கிறது. தங்கச்சி ஞாயிறு இரவு டிக்டொக் பார்த்து டேட்டாவை முடித்துவைப்பதற்கு மட்டும் எந்த செட்டிங்ஸும் இல்லை. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்தால் அங்கே வட்ஸ்அப்பில் மெசேஜும் குரல் பதிவும் போகும், கோல் போகாது. வேறு எந்த அப் வேலை செய்கிறது, அதை மகனின் மிஷனில் அனுமதிக்கிறார்களா என்று முதல் வாரத்திலேயே கேட்டு முடிவுசெய்யுங்கள்.

படி 4: மின்னஞ்சல் கணக்கு

கோலை மட்டும் நம்ப வேண்டாம். மகன் ஊழியம் செய்யும் ஏரியாவின் போன் அந்த ஏரியாவுக்கே உரியது என்றால், இடம் மாறும்போது இலக்கமும் மாறிவிடும். மின்னஞ்சல் முகவரி மாறாது.

பலர் கொமியூனிகேஷன் கடைத் தம்பியிடம் சொல்லி ஜீமெயில் திறப்பார்கள். அவர் அவசரத்தில் தன் போன் இலக்கத்தையே போட்டுவிடுவார். ஆறு மாதம் கழித்து பாஸ்வேர்ட் மறந்தால் குறியீடு அவருடைய போனுக்குப் போகும், அவர் கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார். ஆகவே திறக்கும்போதே உங்கள் சிம் இலக்கத்தைக் கொடுங்கள். பாஸ்வேர்டை ரேஷன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படி 5: எழுதத் தெரியாவிட்டால் பேசி எழுதுங்கள்

கூகுள் கீபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக் படத்தை அழுத்திப் பேசினால் எழுத்தாகிவிடும். தமிழ் (இலங்கை) என்ற தெரிவை எடுங்கள். ஒரு வசனம் பேசுங்கள், நிறுத்துங்கள், வாசியுங்கள், அடுத்ததுக்குப் போங்கள். ஒரே மூச்சில் பேசினால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். “இன்னைக்கு கொழுந்து கொறைவு” என்று பேச்சுவழக்கில் சொன்னால் கொழுந்து குழந்தையாகி வரவும் இடமுண்டு. அனுப்பும் முன் வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருமுறை பார்க்கட்டும்.

என்ன எழுதுவது? “நாங்க நல்ல சுகம், நீ சுகமா” என்பதோடு நிறுத்தாதீர்கள். அவன் கண்ணுக்கு வீடு தெரிய வேண்டும். இப்படி:

“மகன், மேட்டு லயத்துக்குப் புதுத் தகரம் போட்டாச்சு. நம்ம காம்பராவுல அடுப்புப் பக்கம் இன்னும் ஒழுகுது, வாளி வச்சிருக்கோம். தாத்தாவுக்கு இருமல் கொறஞ்சிருக்கு. நீ நட்ட கொய்யா இந்த வருசம்தான் பூத்திருக்கு.”

நாலு வரி போதும். ஞாயிறு இரவே அனுப்பிவிட்டால் திங்கள் காலை அவன் வாசித்துவிட்டு வருவான். கோலில் பேச விஷயம் இருக்கும்.

படி 6: கோல் வரும்போது

லயமே கூடி நின்று எட்டிப் பார்க்கும், ஒருவரும் பேசமாட்டார்கள். இருபது நிமிடம் “தெரியுதா, கேக்குதா”விலேயே போய்விடும். முதல் பத்து நிமிடம் பெற்றோர் மட்டும். பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம். போனை ஒரு டம்ளரில் சாய்த்து வையுங்கள், கைமாறினால் படம் ஆடும். அவன் பேசி முடித்ததும் ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். இணைப்பில் தாமதம் இருக்கும், இரண்டு பேரும் ஒன்றாகப் பேசினால் இரண்டுமே கேட்காது.

அழுகை வந்தால் வரட்டும். “வந்துரு மகன்” என்பதை மட்டும் தவிருங்கள். உங்களுக்கு அது ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும், அவனுக்கு அடுத்த திங்கள் வரை காதிலேயே இருக்கும்.

அவசரம் என்றால்

மரணம், விபத்து, ஆஸ்பத்திரி என்றால் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சபைக் கிளைத் தலைவருக்கோ மகனின் மிஷன் தலைவருக்கோ சொல்லுங்கள். செய்தியை அவனுக்கு எப்படிச் சேர்ப்பது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த இரண்டு இலக்கத்தையும் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், போன் செத்தாலும் தாள் இருக்கும். “உங்கள் மகன் ஆபத்தில், பணம் அனுப்புங்கள்” என்று புது இலக்கத்தில் இருந்து மெசேஜ் வந்தால் ஒரு சதமும் அனுப்பாமல் இதே இலக்கங்களில் முதலில் கேளுங்கள்.

மண்சரிவு மறுபக்கத்து அவசரம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவும் 2025 நவம்பர் டிட்வா புயலும் அவனுக்கும் தெரியும். செய்தியைப் பார்த்துவிட்டு அங்கே தவிப்பான். கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை முன்பே பேசி வையுங்கள். டேட்டா இல்லாதபோதும் சில சமயம் எஸ்எம்எஸ் போகும். “எல்லாரும் பாதுகாப்பு, ஸ்கூல்ல இருக்கோம்” என்று அவருக்கு ஒரு வரி போனால் அவர் மகனுக்கு மின்னஞ்சல் போடுவார்.

தபாலும் பார்சலும்

ஊழியக்காரர்களை ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிப் பார்ப்பார்கள். ஒரே இடத்தில் நீடிப்பதும் உண்டு, ஆனால் உறுதியில்லை. ஆகவே அவன் தங்கும் வீட்டு முகவரிக்கு அல்லாமல் மிஷன் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள், வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம். அங்கே அவனைக் குடும்பப் பெயரால்தான் ‘எல்டர்’ சேர்த்துக் கூப்பிடுவார்கள். நம் பையன்கள் பலருக்கு அது அப்பாவின் பெயர். கோலில் யாரோ அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டால் திகைக்க வேண்டாம்.

அவன் இங்கே எழுதும் கடிதத்தில் அப்பா பெயர், லயம் இலக்கம், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, தோட்டம், பிறகு தபால் நகரம் (ஹட்டன் 22000 மாதிரி) எல்லாம் இருக்க வேண்டும். தோட்டத்துக் கடிதம் பல இடத்தில் ஒபிஸுக்குத்தான் வரும். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கடிதம் அங்கேயே கிடக்கும்.

பார்சலில் ஊறுகாய், கருவாடு, விதை வேண்டாம், சுங்கத்தில் நிற்கும். அத்தோடு, நம் தோட்டத்துத் தேயிலைத் தூளும் வேண்டாம். 1833இல் வந்த ஞான வார்த்தை என்ற சட்டத்தின்படி சபையினர் தேநீரும் கோப்பியும் குடிப்பதில்லை. அம்மா கொழுந்து பறிப்பவர் என்பதால் அதற்கு விலக்கு கிடையாது. வறுத்து இடித்த கொத்தமல்லியும் சுக்கும் கால் கிலோ அனுப்பலாமா என்று முதலில் அவனிடம் கேளுங்கள், அந்த நாட்டுச் சுங்கம் விட்டால் அதை அனுப்புங்கள்.