கோத்தகிரியில் டயர் வுல்ஃப்: சத்தம் வந்தும் பாக்கெட் வராதபோது

வீட்டு மாடியில் ஆன்டெனா, அதன் அடியில் யூஎஸ்பி சவுண்ட் கார்டோடு ராஸ்பெரி பை என்ற ஒரு சிறு கணினி. அமெச்சூர் வானொலியில், தரவைத் துண்டு துண்டாக (பாக்கெட்) ஒலியாக்கி அனுப்பும் 1200 பாட் வேகச் சத்தம் கணீரென்று கேட்டது. அந்தச் சத்தத்தை எழுத்தாக மாற்றும் டயர் வுல்ஃப் மென்பொருளின் திரையிலோ ஒரு வரிகூட இல்லை.

இதற்கு ஏரெக்கார்ட் என்ற லினக்ஸ் ஒலிப்பதிவுக் கட்டளைதான் முதல் மருந்து. சவுண்ட் கார்டுக்கு வரும் ஒலியை அப்படியே வேவ் கோப்பாகப் பதிந்துகொண்டேன். கீழறைக் கணினிக்கு அதை அனுப்ப ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கட்டளை. மழைக்காலத்தில் மாடி வைஃபை அடிக்கடி அறுந்துபோகும். பார்ஷியல் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், வந்தவரை கோப்பு பத்திரமாக இருக்கும், மறுமுறை மீதி மட்டும் வரும்.

அப்புறம் ஏடெஸ்ட். டயர் வுல்ஃபோடு வரும் இந்தக் கருவி, பதிந்த கோப்பிலிருந்து பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்க்கும். அதனுடனேயே வரும் ஜென் பாக்கெட்ஸ் கருவி உருவாக்கிய சோதனைக் கோப்பை முதலில் கொடுத்தேன், சரியாகவே படித்தது. ஆக, மென்பொருளில் குறையில்லை. என் பதிவில் பூஜ்யம். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், மேலும் கீழும் கத்தியால் சீவியதுபோல் தட்டை; ஒலி அளவுமீறி வந்து வெட்டுப்பட்டிருந்தது.

ஒலியளவுகளை மாற்றும் ஆல்சாமிக்சரைத் திறந்தேன். சவுண்ட் கார்டின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்து, டயர் வுல்ஃப் காட்டும் ஒலியளவு 50-ஐ ஒட்டி வரும்வரை மைக் அளவைக் குறைத்தேன். பாக்கெட்டுகள் வரிசையாக வந்து விழுந்தன!

டயர் வுல்ஃப் காட்டும் ஒலியளவை அடுத்து அடைப்புக்குறிக்குள் வரும் இரண்டு எண்களையும் பாருங்கள். அவை 1200, 2200 ஹெர்ட்ஸ் தொனிகளின் அளவு. இரண்டாவது மிகவும் குறைந்திருந்தால், ஸ்பீக்கர் துளையை விட்டு வானொலியின் டேட்டா துளைக்கு மாறுவது நல்லது. ஆல்சாமிக்சரில் மாற்றிய அளவுகளைச் சேமிக்க ஆல்சாசிடிஎல் ஸ்டோர் என்ற கட்டளை.