உறவு மரத்தில் ஆதரவு நூறு வந்துவிட்டதா? பூச்சி ஜீனோமில் உறவு தேடுபவர்கள் அதற்கப்புறம் செய்ய வேண்டியவை

ஸ்ட்ரெப்சிப்டெரா என்று ஒரு ஒட்டுண்ணிப் பூச்சி வரிசை. அதில் பல இனங்களின் பெண்ணுக்கு இறகும் கிடையாது, காலும் கிடையாது, வளர்ந்த பிறகும் குளவி போன்ற வேறொரு பூச்சியின் வயிற்றுக்குள்தான்; வயிற்று வளையங்களுக்கு நடுவே பழுப்பாக ஒரு முண்டு மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். ஆணுக்கு முன்னிறகு சின்னக் குச்சியாகச் சுருங்கியிருக்கும், ஈக்குப் பின்னிறகு அப்படி. இது ஈக்குச் சொந்தமா, வண்டுக்கா?

1990களில் ரைபோசோம் ஜீன்களைப் பார்த்து ஈப் பக்கம் சேர்த்தார்கள். 2012இல் முழு ஜீனோம் கிடைத்தபோது வண்டுப் பக்கம் போனது. 2014இல் 1,478 ஜீன்களை வைத்துப் போட்ட, பூச்சிகளின் பெரிய உறவு மரத்திலும் வண்டுப் பக்கம்தான். முதலில் ஏமாற்றியது நீள்கிளை ஈர்ப்பு. வேகமாக மாறும் வம்சத்துக்கு மரத்தில் கிளை நீளமாக வரும். டிஎன்ஏவில் இருப்பதே நான்கு எழுத்து, வேகமாக மாறும் இரண்டு வம்சங்களில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து தற்செயலாகவே வந்து விழும், மென்பொருள் அதை உறவு என்று எடுத்துக்கொள்ளும்.

சரி, நீங்கள் எப்படிச் செய்வது? இனங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. ஸ்ட்ரெப்சிப்டெராவில் ஒன்றோடு நிற்காமல் தூரத்துக் குடும்பங்களிலிருந்து இரண்டு மூன்று சேருங்கள், நீளக் கிளை அங்கே உடையும். வண்டு, ஈ, தெள்ளுப்பூச்சி, குழியானை எல்லாம் வேண்டும்.

அப்புறம் ஜீனோமில் பொது ஜீன்களைத் தேடித்தரும் பஸ்கோ (BUSCO) மென்பொருளை ஓட்டுங்கள். அதன் பூச்சித் தொகுப்பில் (பதிப்பு 10) 1,367 ஒற்றைப்படி ஜீன்கள், அதாவது ஜீனோமில் பெரும்பாலும் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள ஜீன்கள், இருக்கின்றன. இவ்வளவு பழைய பிரிவுகளுக்கு டிஎன்ஏவை விட அமினோ அமிலமே நல்லது. மாஃப்ட் (MAFFT) மென்பொருளில் இனங்களின் வரிசைகளை இடத்துக்கு இடம் பொருத்தி, ஒவ்வொரு ஜீனுக்கும் தனி மரம் போட்டு உட்கார்ந்து பாருங்கள், இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். குளவி வயிற்றிலிருந்து எடுத்த பூச்சியோடு குளவியின் டிஎன்ஏவும் ஒட்டிக்கொண்டு வரும்! ஒரு ஜீன் மரத்தில் ஒட்டுண்ணி போய் அந்தக் குளவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அது உறவில்லை, கலப்படம். அந்த ஜீனில் அந்த இனத்தின் வரிசையை நீக்கிவிடுங்கள். முடிந்தால் வெளியே பறக்கும் ஆணை எடுப்பது நல்லது.

மரம் போட ஐக்யூ-ட்ரீ (IQ-TREE) மென்பொருள் போதும். ஆனால் பூட்ஸ்ட்ராப் 100 (தரவை மறுபடி மறுபடி குலுக்கி எடுத்துப் போட்ட மரங்களிலெல்லாம் அதே கிளை) என்று வந்ததும் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். தரவு பெருகப் பெருகத் தவறான கிளைக்கும் 100 வரும், மென்பொருள் பயன்படுத்தும் கணித மாதிரியில் (model) உள்ள பிழையைக் கூடுதல் ஜீன்கள் சரிசெய்யாது, உறுதிப்படுத்தத்தான் செய்யும். அதனால் சி60 (C60) போல, வரிசையில் இடத்துக்கு இடம் அமினோ அமில விகிதம் மாறுவதைக் கணக்கில் எடுக்கும் மாதிரியில் மறுபடி ஓட்டுங்கள். ஈக்களை மொத்தமாக எடுத்துவிட்டு ஒரு தடவை, வண்டுகளை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து உங்கள் பூச்சி இடம் மாறினால் அந்த 100ஐ நம்பக்கூடாது.

கடைசியாக, அந்தக் கிளையை எத்தனை ஜீன்கள் தனித்தனியே ஆதரிக்கின்றன என்று ஐக்யூ-ட்ரீயிலேயே எண்ணலாம், ஜீன் மரங்களைச் சேர்த்து ஒரே இன மரமாக்கும் ஆஸ்ட்ரல் (ASTRAL) மென்பொருளிலும் கொடுத்து ஒப்பிடலாம். ஜீன்கள் இரண்டு பக்கமும் சரிபாதியாக நின்றால் கிளை பிரியும் அந்தக் கணுவைப் பிரிக்காமல் விட்டு, இரண்டு மரத்தையும் கட்டுரையில் போடுங்கள்.